தோட்டத்துப் பிள்ளைகளும் தடுப்பூசியும்: அந்த வாட்ஸ்அப் செய்தி சரியா?

"தோட்டத்து ஜனங்களுக்குப் படிப்பில்லை, அதனால்தான் பிள்ளைகளுக்கு ஊசி போடுவதில்லை." மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் சுற்றும் இந்தச் செய்தி சொல்லும் காரணம் தவறு. காசநோய்க்கான பிசிஜியும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கான முதல் ஊசியும் பிறந்த ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிடும். சிக்கல் அப்புறம்தான். 2, 3, 5 மாதங்களில் மற்ற ஊசிகளுக்கு, பிறகு 9, 12 மாதங்களில் தட்டம்மைக்கு என்று ஒவ்வொரு தவணைக்கும் கிளினிக் போக வேண்டும். நாள் சம்பளக்காரத் தாய்க்கு அது ஒரு நாள் கூலி. பஸ் வராத தோட்டமென்றால் வாடகைக் கார் காசும் சேரும். குடிமக்களின் பிள்ளைகளுக்கு அரசாங்கக் கிளினிக்கில் இலவசம், குடியுரிமை இல்லாத பிள்ளைக்குக் கட்டணம் உண்டு. வேண்டாமென்று மறுப்பவர்களில் நன்றாகப் படித்த பட்டணத்துக்காரர்களும் இருக்கிறார்கள், அதை மட்டும் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை! தவணை தவறிவிட்டதா? சரி, கிளினிக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போங்கள். பொதுவாக விட்ட இடத்திலிருந்தே போடுவார்கள்.