டெல்லி டூர் போகும் நெல்லைக்காரர்களுக்கு: லால் மந்திரைத் தாண்டிப் போகாதீர்கள்

நம்ம பக்கத்திலிருந்து டெல்லி போய் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பட்டியலைத்தான் ஒப்பிக்கிறார்கள். அக்ஷர்தாம், பிர்லா மந்திர், தாமரைக் கோயில், மலை மந்திர், நேரம் இருந்தால் சத்தர்பூர். நடுவில் செங்கோட்டை. அந்தச் செங்கோட்டை வாசலில் போட்டோவுக்கு நிற்கிறார்களே, அவர்களுடைய கண்ணுக்கு நேர் எதிரே, சாந்தினி சவுக் தொடங்கும் முனையில், சிவப்புக் கல் சிகரங்களோடு ஒரு கோயில் நிற்கிறது. படம் எடுத்து முடித்ததும் அதைத் தாண்டிப் போய்த்தான் வேனில் ஏறுகிறார்கள். உள்ளே போனவர்களை நம் ஊரில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதுதான் லால் மந்திர். திகம்பர சமணர் கோயில். ஷாஜகான் காலத்தில், 1656இல் தொடங்கியது என்பார்கள். இப்போது நாம் பார்க்கிற கட்டடம் பின்னால் எழுந்தது. என் கட்சி இதுதான்: திருநெல்வேலிச் சீமைக்காரருக்கு டெல்லியில் ஒரே ஒரு கோயில் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், அது இதுவாக இருக்கட்டும். அதற்கான காரணம் டெல்லியில் இல்லை, கழுகுமலையில் இருக்கிறது.

கழுகுமலைக்கு நாம் எல்லாரும் போயிருப்போம். கீழே கழுகாசலமூர்த்தியைக் கும்பிட்டுவிட்டு, தெம்பு இருந்தால் மலையேறி வெட்டுவான் கோயிலைப் பார்ப்போம். ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்து பாதியில் விட்ட அந்தக் கோயிலைப் பார்த்து வாயைப் பிளப்பதும் நியாயம்தான். ஆனால் அதே மலையில் பாறை முகப்பு நெடுக, 8, 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர்கள் கும்பிடுகிற பெரியவர்கள், வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். படமெடுத்த நாகத்தின் கீழே தீர்த்தங்கரர் பார்சுவநாதர்; கூடவே கொடி சுற்றிய துறவி பாகுபலி, அம்பிகை என்ற யட்சி. உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்தில், யார் செய்வித்தது என்று பெயர்கள். பாடம் சொல்லிக்கொடுத்த பெண் துறவிகளைக் குரத்திகள் என்பார்கள்; அவர்கள் பெயரும் அங்கே இருக்கிறது. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் நம் சீமையில் பெண்கள் ஆசிரியராக இருந்ததற்கு அந்தப் பாறையே சாட்சி. நாம் என்ன செய்கிறோம்? "புத்தர் சிலை" என்று சொல்லி செல்ஃபி எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம்.

கழுகுமலை மட்டும்தானா? பாளையங்கோட்டைப் பக்கம் சீவலப்பேரி அருகே மருகால்தலையில் சுமார் 2,000 ஆண்டு பழைய தமிழ் பிராமி எழுத்தும் சமணத் துறவிகளின் கல் படுக்கைகளும் இருக்கின்றன. தெற்கே போனால் சிதறால் மலையில் சமணச் சிற்பங்கள். பஸ்ஸில் ஏறினால் போய் வந்துவிடலாம். ஆனால் இங்கே எல்லாம் கல்தான் மிச்சம், கும்பிட ஆள் இல்லை. விளக்கு, அரிசி, தண்ணீர், பாட்டு எதுவும் இல்லாத சாமியைப் பார்த்து அது யாருக்கு எப்படிச் சாமியாக இருந்தது என்று ஒருவரும் புரிந்துகொள்ள முடியாது. அந்தப் பாதியைத்தான் லால் மந்திர் காட்டித் தருகிறது.

எங்கள் குடும்பத்தோடு போனபோது மதினி வாசலிலேயே நின்றுவிட்டார். "அது துணியில்லாத சாமில்லா, நமக்கு எதுக்கு?" என்றார். பெல்ட், மணிபர்ஸ் என்று தோல் சாமான் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றதும் அண்ணனுக்கும் அலுப்பு. எப்படியோ பேசி மேல்தளத்துக்கு ஏற்றிவிட்டேன். காலை நேரம். பொன் பூச்சு வேலைக்கு நடுவே பார்சுவநாதர், கழுகுமலையில் இருக்கும் அதே நாகப்படத்தோடு. அவருக்கு முன்னால் ஜனங்கள் அரிசித் தட்டோடு உட்கார்ந்து, சின்னப் பலகையில் அரிசியைக் கோலமாக வைத்துக்கொண்டு முணுமுணுவென்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேட்டி கட்டிய சாதாரண ஆட்களே கையால் நீர் வார்த்து அபிஷேகம் செய்தார்கள். குருக்கள் வரட்டும், திரை விலகட்டும் என்று காத்துக்கிடக்கிற பேச்சே இல்லை. நெல்லையப்பர் கோயிலில் கருவறைக்கு எத்தனை அடி தள்ளி நிற்கிறோம் என்று மதினிக்கே தோன்றியிருக்க வேண்டும், அதற்குப்பின் முறைப்பு குறைந்துவிட்டது.

"இந்தச் சாமிகிட்ட என்ன வேண்டிக்கிடணும்?" என்று காதோரம் கேட்டார். இவர்கள் பிறவியை முடித்துப் போய்விட்டவர்கள், யாருக்கும் எதையும் தருவதில்லை, தடுப்பதும் இல்லை. சமணர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றேன்.

"பெறகு எதுக்குத்தான் கும்பிடுதாகளாம்?"

"அவுக போன வழியில நாமளும் போகணும்னு நெனச்சுக்கிடத்தான், மதினி."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "எதையும் கேக்காம நான் ஒரு கோயிலயும் கும்பிட்டதே இல்ல" என்றார். டூர் முழுக்க நான் கேட்ட நல்ல பேச்சு அது ஒன்றுதான். கைடு பேசியதெல்லாம் சேர்த்தாலும்.

கோயில் வளாகத்திலேயே பறவை ஆஸ்பத்திரி இருக்கிறது. அடிபட்ட புறாவும் கிளியும் கூண்டு கூண்டாக. வைத்தியத்துக்குக் காசு கிடையாது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டி டெல்லியில் பட்டம் விடுவார்கள். மாஞ்சா நூலில் இறக்கை அறுபட்ட பறவைகள் அப்போது நிறைய வரும். தானியம் தின்னும் பறவைகளுக்குத்தான் உள்ளே படுக்கை. கறி தின்னும் பருந்து, வல்லூறுக்கு மருந்து போட்டு அனுப்பிவிடுவார்கள். கழுகுமலைக் கழுகே போய் நின்றாலும் வெளிநோயாளிதான்!

சரி, இதைச் சொன்னால் சைவப் பெரியவர்கள் கோபிப்பார்கள். சமணர் என்றாலே நம் வீடுகளில் தெரிந்த கதை ஒன்றுதான்: மதுரையில் சம்பந்தர் வென்றார், அவர்கள் கழுவேறினார்கள். சம்பந்தர் நெல்லையப்பர் மேல் பாடிய பதிகத்தைச் சன்னதியில் உருகிக் கேட்பவன்தான் நானும். அவர் வழக்கப்படி அந்தப் பதிகத்தின் பத்தாவது பாட்டிலும் சமணருக்குத் திட்டு உண்டு. திட்டு வாங்கிய தரப்பு எப்படி இருந்தது, என்ன சொன்னது என்று பார்க்க எனக்கு ஆசை. அதனால் நெல்லையப்பர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

குதுப் மினார் வளாகத்திலும் இதே விஷயம் வேறு மாதிரி வரும். அங்குள்ள பழைய மசூதிக்கு 27 கோயில்களின் கல் எடுத்துப் பயன்படுத்தப்பட்டது என்று அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. இந்துக் கோயில் தூண், சமணக் கோயில் தூண் எல்லாம் கலந்து நிற்கும். நம் ஆட்கள் அதைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். கொட்டட்டும். அப்படியே நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில் இருக்கிற தீர்த்தங்கரர்களையும், பகவதி கோயிலாக மாறிய சிதறாலையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளட்டும்.

மற்ற கோயில்கள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அக்ஷர்தாம் 2005இல் திறந்தது. கல் வேலை நம் காலத்திலும் இவ்வளவு முடியும் என்று காட்டியதற்காக ஒரு கும்பிடு. மற்றபடி கிருஷ்ணாபுரம் கோயிலின் கல் வீரபத்திரரைப் பார்த்த கண்ணுக்கு, போனைக் கொடுத்துவிட்டு வரிசையில் நின்று அரை நாளை அங்கேயே விடுவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. பிர்லா மந்திர் பளிங்கைவிட அதன் கதைதான் பெரிசு. எல்லாச் சாதியாரையும் உள்ளே விடுவதாக இருந்தால்தான் திறந்துவைப்பேன் என்று காந்தி சொல்லி, 1939இல் திறந்துவைத்தார். மதுரை மீனாட்சி கோயிலில் வைத்தியநாத ஐயர் ஆலயப் பிரவேசம் நடத்தியதும் அதே வருஷம். இதை எந்த டூர் கைடும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆர்.கே.புரம் மலை மந்திரில் சுவாமிநாதரைப் பார்த்ததும், திருநீறு கிடைத்ததும் நம் ஆட்களுக்கு உயிர் வந்துவிடும். குற்றம் சொல்ல மாட்டேன், எனக்கும் வந்தது. ஆனாலும் 2,500 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போய், திருச்செந்தூரில் இருப்பவரையே பார்த்துவிட்டு வருவதற்கு டெல்லி எதற்கு?

"சமணர்களைப் பார்க்க டெல்லிக்கா போக வேண்டும்? வந்தவாசிப் பக்கம் தமிழ்ச் சமணர்கள் இன்றைக்கும் இருக்கிறார்களே, மேல்சித்தாமூரில் மடமே இருக்கிறதே" என்று யாராவது கமெண்டில் கேட்பீர்கள். சரியான கேள்வி. அங்கேயும் போங்கள், அதுதான் இன்னும் பக்கம், மொழியும் நம் மொழி. ஆனால் நம் ஊரில் அதற்கு யாரும் டூர் போடுவதில்லை, டெல்லிக்கு வருஷா வருஷம் போடுகிறார்கள். ஏற்கெனவே போகிற இடத்தில் சாலையைக் கடந்தால் போதும் என்றுதான் சொல்கிறேன்.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். மெட்ரோவில் லால் கிலா நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். பூஜையைப் பார்க்க வேண்டுமானால் காலையிலேயே போய்விடுங்கள். உள்ளே போட்டோ எடுக்காதீர்கள். வெளியே வந்ததும் பக்கத்திலேயே கௌரி சங்கர் கோயில், 1761இல் ஒரு மராட்டியப் படைவீரர் கட்டியது. ஆக, சிவனைக் கும்பிடாமல் வந்துவிட்டோமே என்ற குறையும் வேண்டாம். அப்புறம், திங்கட்கிழமை அக்ஷர்தாமுக்கும் விடுமுறை, செங்கோட்டைக்கும் விடுமுறை. அன்றைக்கு டெல்லியில் இருக்கும்படி திட்டம் போட்டுவிட்டு, "இன்னிக்கு ஷாப்பிங் மட்டும்தான்" என்று சொல்கிற டூர்காரரிடம் லால் மந்திர் திறந்திருக்குமே என்று கேளுங்கள்.