பாடகரை விடுங்கள், பின்னால் ஆடுகிறவர்களைப் பாருங்கள்

நேற்று நண்பர் ஒருவர் ஒரு பழைய கறுப்பு வெள்ளை வீடியோவைப் பகிர்ந்திருந்தார். 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' என்ற அமெரிக்க டிவி நடன நிகழ்ச்சியின் ஒரு துண்டு. கோட்டும் டையும் போட்ட பையன்கள், முழங்காலை மறைக்கும் பாவாடையில் பெண்கள், நடுவில் வாயசைத்துக்கொண்டு ஒரு பாடகர். கீழே ஒருவர், "எவ்வளவு கள்ளங்கபடமில்லாத காலம்!" என்று எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போனதால் தனிப் பதிவாகவே போடுகிறேன்.

இந்த நிகழ்ச்சிகள் மேல் எனக்குத் தீராத பிரியம் உண்டு. அறுபதுகளின் பாப் இசையை நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைவிடப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். சுப்ரீம்ஸ் என்ற பெண்கள் குழுவின் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டி நிறுத்தும் அழகு, பாடகர் ஜாக்கி வில்சன் முழங்காலில் விழுந்து எழும் வேகம் எல்லாம் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்தவை. ஆகவே இதை வெறுத்துச் சொல்லவில்லை. இன்றைக்கும் பார்க்கிறேன், நாளைக்கும் பார்ப்பேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1952இல் பிலடெல்பியா நகரத்து உள்ளூர் சேனலில் இது தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் ஸ்டூடியோவுக்கு வந்து, இசைத்தட்டு ஓட ஓட ஆடுவார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. 1956இல் டிக் கிளார்க் என்ற இளைஞர் தொகுப்பாளராக வந்தார். 1957 ஆகஸ்ட் 5 முதல் ஏபிசி டிவி நிறுவனம் நாடு முழுவதும் ஒளிபரப்பியது. வார நாட்களில் தினமும் சாயங்காலம். 1963இல் சனிக்கிழமைக்கு மட்டும் என்று சுருங்கியது, 1964இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம் மாறியது.

இந்த நிகழ்ச்சியைக் குறை சொல்கிறவர்கள் எல்லோரும் முதலில் பிடிப்பது வாயசைப்பைத்தான். பாடகர் உண்மையில் பாடவில்லை, இசைத்தட்டுக்கு உதட்டை அசைக்கிறார், அதனால் எல்லாம் போலி என்பார்கள். எனக்கு இது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. பின்னணிப் பாடகர் குரலுக்கு நடிகர் வாயசைப்பதைப் பார்த்து அழுதும் சிரித்தும் வளர்ந்தவர்கள் நாம். குரல் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து உண்மையை அளக்கிற பழக்கம் நமக்கு இல்லை. தினமும் ஒரு இசைக்குழுவை உட்கார வைத்து வாசிக்கச் செய்தால் செலவும் தாங்காது. கடையில் வாங்கும் தட்டில் இருக்கிற அதே ஒலிதான் அந்தப் பிள்ளைகளுக்கும் வேண்டியிருந்தது. சரி, அதில் என்ன தப்பு?

உண்மையில் அந்த அறையில் பாடகர் விருந்தாளிதான். வருவார், வாயசைப்பார், கிளார்க் நாலு கேள்வி கேட்பார், போய்விடுவார். மீதி நேரம் முழுக்கத் தளம் அந்தப் பிள்ளைகளுடையது. புதுத் தட்டு ஒன்றைப் போட்டு மதிப்பெண் போடச் சொல்லும் ஒரு பகுதி உண்டு. 35இலிருந்து 98க்குள் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவர்கள் சொன்ன காரணம் ஒன்றுதான்: தாளம் நன்றாக இருக்கிறது, இதற்கு ஆடலாம். ஒரு நாட்டின் பாப் இசை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை பதினைந்து பதினாறு வயதுக் கால்கள் முடிவு செய்த இடம் அது. எந்தப் பாட்டுக்கு எப்படி ஆடுவது, எந்தச் சட்டை போடுவது, தலையை எப்படி வாருவது என்று நாடு முழுக்கப் பிள்ளைகள் டிவி முன்னால் நின்று கற்றுக்கொண்டது பாடகரிடமிருந்து இல்லை, பின்னால் ஆடியவர்களிடமிருந்து.

அதனால்தான் கேட்கிறேன்: அந்தத் தளத்துக்குள் யார் நுழைய முடிந்தது?

நண்பர் பகிர்ந்த வீடியோவை இன்னொரு முறை ஓட விட்டுப் பாருங்கள். ஆடுகிற கூட்டத்தில் ஒரு கறுப்பின முகத்தைத் தேடுங்கள். ஸ்டூடியோ இருந்தது மேற்கு பிலடெல்பியாவில், 46ஆம் தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் இடத்தில். கறுப்பினக் குடும்பங்கள் பெருகிக்கொண்டிருந்த பகுதி. நடந்து வரும் தூரத்தில் இருந்த அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தக் கதவைத் தாண்டவில்லை.

வாசலில் பலகை எதுவும் கிடையாது. பலகை இருந்திருந்தால் எதிர்ப்பது சுலபமாக இருந்திருக்கும். முன்கூட்டியே எழுதிப் போட்டு அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு விதி, உடை சரியில்லை என்று ஒரு காரணம், இப்படித்தான் தடுத்தார்கள். கறுப்பின மாணவர்கள் சிலர் ஐரிஷ், போலிஷ், இத்தாலியக் குடும்பப் பெயர்களைப் போட்டு விண்ணப்பம் அனுப்பி, அட்டை கைக்கு வந்த பிறகு நேரில் போய் நின்றிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் கொஞ்ச நேரம் ஆடுவதற்காக ஒரு குழந்தை தன் பெயரை மாற்றி எழுத வேண்டியிருந்தது.

டிக் கிளார்க் பின்னாளில் பல பேட்டிகளில், தான் பொறுப்பேற்றதும் ஐம்பதுகளிலேயே கறுப்பினப் பிள்ளைகளையும் உள்ளே கொண்டுவந்ததாகச் சொல்லிவந்தார். வரலாற்றாய்வாளர் மேத்யூ டெல்மண்ட் அதை நம்பித்தான் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பழைய செய்தித்தாள்களையும் ஆவணங்களையும் புரட்டி, அந்தக் காலத்து ஆட்களிடம் நேரில் பேசிப் பார்த்தபோது நேர் எதிரானது கிடைத்தது. பிலடெல்பியாவில் இருந்த வரைக்கும் அந்தத் தளம் பெரும்பாலும் வெள்ளையாகவே இருந்தது. மேடைக்குக் கறுப்பினக் கலைஞர்கள் வந்தார்கள். அதில் கிளார்க்குக்குப் பங்கு உண்டு, அதை நான் மறுக்க மாட்டேன். எத்தனையோ வெள்ளையர் வீட்டுக் கூடங்களுக்குள் அவர்களை முதன்முதலாகக் கூட்டிவந்தது அந்த நிகழ்ச்சிதான். ஆனால் பாட வரலாம், ஆட வரக் கூடாது என்பது என்ன நியாயம்?

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் ஆடிய ஆட்டம் எங்கிருந்து வந்தது?

பிலடெல்பியாவுக்குத் தெற்கே டெலவேர் மாநிலத்தில் வில்மிங்டன் என்று ஒரு ஊர். அங்கே 1955 முதல் 1958 வரை மிட்ச் தாமஸ் என்ற கறுப்பினத் தொகுப்பாளர் ஒரு நடன நிகழ்ச்சி நடத்தினார். பேண்ட்ஸ்டாண்டில் இடம் கிடைக்காத பிலடெல்பியாப் பிள்ளைகள் அங்கே போய் ஆடினார்கள். அந்த நிகழ்ச்சி பிலடெல்பியாவிலும் தெரியும். பேண்ட்ஸ்டாண்டின் வெள்ளையினப் பிள்ளைகள் அதைப் பார்த்து அசைவுகளைக் கற்றுக்கொண்டு மறுநாள் தங்கள் தளத்தில் ஆடுவார்கள். 'ஸ்ட்ரோல்' என்ற ஆட்டம் அப்படி வந்ததுதான். இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, நடுவில் ஜோடி ஜோடியாக நிதானமாக நடந்து வரும் ஆட்டம். கறுப்பினப் பிள்ளைகள் அதை சக் வில்லிஸ் என்ற கறுப்பினப் பாடகரின் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். பேண்ட்ஸ்டாண்டில் அது பிரபலமானதும் டயமண்ட்ஸ் என்ற கனடா நாட்டு வெள்ளையினக் குழு அந்த ஆட்டத்தின் பெயரிலேயே ஒரு பாட்டை வெளியிட்டு வெற்றி பெற்றது. அசைவைக் கண்டுபிடித்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

அப்புறம் ட்விஸ்ட் என்ற ஆட்டம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

'தி ட்விஸ்ட்' பாட்டை எழுதி முதலில் பாடியவர் ஹேங்க் பாலர்ட் என்ற கறுப்பினப் பாடகர். 1959 தொடக்கத்தில் அவருடைய மிட்நைட்டர்ஸ் குழு வெளியிட்ட ஒரு தட்டின் பின்பக்கப் பாட்டு அது. ஏற்கெனவே 1954இல் அவர் பாடிய ஒரு பாட்டு ஆபாசம் என்று சொல்லிப் பல வானொலிகள் தடை செய்திருந்தன. ஆட்டம் பரவ ஆரம்பித்தபோது, அதே பாட்டைப் பாட வேறு ஆளைப் பிடித்தார்கள். பிலடெல்பியாவில் கோழிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்த எர்னஸ்ட் எவன்ஸ் என்ற கறுப்பினப் பையன். ஃபேட்ஸ் டாமினோ என்ற பாடகரின் பெயரை வைத்து விளையாட்டாக அவருக்கு 'சப்பி செக்கர்' என்று பெயர் சூட்டியது கிளார்க்கின் மனைவி. பிலடெல்பியாவின் கேமியோ பார்க்வே நிறுவனம் பாட்டை அச்சு மாறாமல் பதிவு செய்தது. முதல் தடவை அதை வானொலியில் கேட்டபோது தன் குரல் என்றே நினைத்ததாக பாலர்ட் பின்னாளில் சொன்னார்.

1960 ஆகஸ்ட் 6 அன்று, கிளார்க் தனியாக நடத்திவந்த சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியில் சப்பி செக்கர் அதைப் பாடி ஆடிக் காட்டினார். இரண்டு கால்களாலும் சிகரெட்டை நசுக்குவது போல, குளித்துவிட்டுத் துண்டால் பின்புறத்தைத் துடைப்பது போல, இப்படித்தான் அவர் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். செப்டம்பரில் பாட்டு முதலிடம். பெரியவர்களும் பணக்காரர்களும் நியூயார்க் இரவு விடுதிகளில் ஆட ஆரம்பித்ததும் 1962 ஜனவரியில் மறுபடியும் முதலிடம்.

அந்த ஆட்டம் செய்த வேலை பெரியது. அதுவரை ஜோடி நடனம் என்றால் பையன் பெண்ணின் கையைப் பிடித்து அவளை நடத்திச் செல்ல வேண்டும். ட்விஸ்டில் யாரும் யாரையும் பிடிக்க வேண்டியதில்லை. பெண் தன் ஆட்டத்தைத் தானே ஆடலாம். ஜோடியே இல்லாமலும் ஆடலாம். இன்றைக்குக் கல்யாண வரவேற்பில் நாம் எல்லோரும் தனித்தனியாக ஆடுகிறோமே, அந்தச் சுதந்திரத்தில் ட்விஸ்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சப்பி செக்கரைச் சேர்க்க 2025 வரை ஆகிவிட்டது. அதற்குள் அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.

காலம் அப்படி, ஒருவரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே காலத்தில் வேறு மாதிரி நடந்தவர்களும் இருந்தார்கள்.

பால்டிமோர் நகரில் 'படி டீன் ஷோ' என்று ஒரு நடன நிகழ்ச்சி. அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனி நாள் ஒதுக்கியிருந்தார்கள். 1963 ஆகஸ்டில் அப்படி ஒரு நாள், நுழைவுச்சீட்டு வாங்கிய கறுப்பின மாணவர்களோடு வெள்ளையின மாணவர்களும் திடீரென்று உள்ளே நுழைந்து, நேரலையில் எல்லோரும் சேர்ந்து ஆடிவிட்டார்கள். கோஷம் இல்லை, கைகலப்பு இல்லை, ஆடினார்கள், அவ்வளவுதான். மிரட்டல்கள் குவிந்தன. தளத்தை எல்லோருக்கும் திறப்பதா என்ற கேள்வி வந்தபோது, சேனல் நிகழ்ச்சியையே மூடிவிட்டது. 1964 ஜனவரி 4 கடைசி ஒளிபரப்பு. சேர்ந்து ஆட விடுவதைவிட ஆட்டமே வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள்தான் துணிந்தவர்கள்.

இங்கிலாந்துப் பக்கம் போனால் காற்றே வேறு. 1963 முதல் 1966 வரை வெள்ளிக்கிழமை மாலைகளில் வந்த 'ரெடி ஸ்டெடி கோ' எனக்கு மிகப் பிடித்த நிகழ்ச்சி. கிளப்புகளில் நன்றாக ஆடுகிறவர்களைப் பார்த்துப் பிடித்து வந்து தளத்தில் விடுவார்கள். கேமரா கூட்டத்துக்குள்ளேயே புகுந்து சுற்றும். 1965 ஏப்ரலில், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களுக்குப் பேர்போன மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் கலைஞர்களுக்கென்றே ஒரு சிறப்பு நிகழ்ச்சி ஒளிபரப்பினார்கள். சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், மிராக்கிள்ஸ், மார்த்தாவும் வாண்டெல்லாஸும், சின்னப் பையனாக ஸ்டீவி வொண்டர். தொகுத்து வழங்கியது இங்கிலாந்தின் வெள்ளையினப் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட். அதற்கு நாலு மாதம் முன்னால்தான், நிறம் பிரித்து உட்கார வைத்த கூட்டத்துக்கு முன்னால் பாட மாட்டேன் என்று நின்றதால் தென்னாப்பிரிக்க அரசு அவரை நாட்டை விட்டு வெளியேற்றியிருந்தது. அதைத் தெரிந்துகொண்டு அந்த நிகழ்ச்சியைப் பாருங்கள், அவர் வாண்டெல்லாஸ் குழுவின் மார்த்தா ரீவ்ஸோடு சேர்ந்து பாடும் இடம் வேறு மாதிரி கேட்கும்.

அமெரிக்காவிலும் 1965 மே மாதம் 'ஷிண்டிக்' என்ற டிவி இசை நிகழ்ச்சிக்கு இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் போனார்கள். ஹவ்லின் வுல்ஃபும் வர வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய, மலை போன்ற கறுப்பின ப்ளூஸ் பாடகர். பாப் ரசிகர்களில் பாதிப் பேருக்கு அவர் யாரென்றே தெரிந்திருக்காது. அவர் பாட, ஸ்டோன்ஸ் பையன்கள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். யாரிடமிருந்து கற்றோம் என்பதை நாடு முழுவதும் பார்க்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்த உட்கார்தல் அது. நான் பார்த்த டிவி நிகழ்ச்சிகளில் அதற்கு மேல் ஒன்றைச் சொல்ல மாட்டேன்.

பேண்ட்ஸ்டாண்ட் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போன பிறகான வீடியோக்களில் கறுப்பின ஜோடிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பிக்கிறார்கள். 1970இல் சிகாகோவில் டான் கார்னீலியஸ், கறுப்பினப் பிள்ளைகள் ஆடும் 'சோல் ட்ரெய்ன்' என்ற டிவி நிகழ்ச்சியைத் தொடங்கினார். அதில் ஆடுகிறவர்கள் இரண்டு வரிசையாக நிற்க, நடுவில் ஜோடிகள் ஆடிக்கொண்டு வரும் பகுதிதான் ரொம்பப் பிரபலம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வில்மிங்டன் ஞாபகம் வரும். ஸ்ட்ரோல் திரும்பவும் தன் வீட்டுக்கு வந்துவிட்டது போல இருக்கும்.

பேண்ட்ஸ்டாண்ட் வீடியோ யூட்யூபில் மணிக்கணக்கில் கிடைக்கிறது. மிட்ச் தாமஸ் நிகழ்ச்சியைப் பல வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். சில புகைப்படங்கள்தான் கண்ணில் பட்டன. ஒன்றில் பிள்ளைகள் கூட்டமாக நிற்கிறார்கள், நன்றாக உடுத்தியிருக்கிறார்கள், ஆடுவதற்குத் தயாராக. அவர்கள் ஆடும் ஒரு நிமிட வீடியோ யாரிடமாவது இருந்தால், எங்கேயாவது பார்த்திருந்தால், கீழே சொல்லுங்கள்.