2040 போய் 10 வந்தால் 83
பிரிட்டிஷ் டென்னிஸ் வீராங்கனை எம்மா ராடுகானு 2022 செப்டம்பரில் உலகத் தரவரிசையில் 11-ஆம் இடத்திலிருந்து 83-க்குச் சரிந்ததை "ஆட்டம் கெட்டதற்கு அத்தாட்சி" என்று அவரைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அது பெரும்பாலும் வெறும் கணக்கு. தரவரிசைப் புள்ளிகளின் ஆயுள் 52 வாரம்தான். 2021 யுஎஸ் ஓபனில் தகுதிச்சுற்றுக்கு 40, பட்டத்துக்கு 2000 என ஒரே தொடரில் 2040 புள்ளி எடுத்தார். அடுத்த ஆண்டு அதே தொடரின் முதல் சுற்றிலேயே பிரெஞ்சு வீராங்கனை அலிசே கோர்னேயிடம் 6-3, 6-3 எனத் தோற்றபோது அத்தனையும் கழிந்து கையில் வந்தது 10. உண்மையான சிக்கல் வேறு. 150-ஆம் இடத்தில் இருப்பவர் சின்னச் சின்னத் தொடர்களில் ஆடி, தோற்று, ஆளுக்கொரு செட் பிரிந்து மூன்றாவது செட் வரை நீளும் இழுபறிக்கு உடம்பைப் பழக்குவார். இவரோ பட்டம் வென்ற மறுவாரமே 23-ஆம் இடம். இனி நேரடியாகப் பெரிய தொடர்கள்தான். அதற்கு முன் நாட்டிங்ஹாம், விம்பிள்டன், சான் ஹோசே, சிகாகோ தவிர டபிள்யூடிஏ (பெண்கள் தொழில்முறை டென்னிஸ்) தொடர் அனுபவமே கிடையாது. யுஎஸ் ஓபனில் பத்து ஆட்டம், இருபது செட், ஒன்றைக்கூட விடவில்லை. அதனால் மூன்றாவது செட் ஆடும் தேவையே வரவில்லை, பாருங்கள். இறுதியாட்டத்தில் 5-3 என முன்னிலையில் இருந்தபோது முழங்கால் சிராய்த்து ரத்தம் வழிய, கட்டுப் போட்டு வந்து எதிராளி தொடக்கூட முடியாத சர்வீஸ் (ஏஸ்) அடித்து முடித்தாரே, மனத்திடத்துக்கு அது போதாதா? கட்டுரைக்குக் கீழே கருத்திட்ட ஒருவர், சரிவுக்குக் காரணம் "விளம்பர மோகம்" என்கிறார். 2023-இல் இரண்டு மணிக்கட்டிலும் ஒரு கணுக்காலிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ராடுகானு. மணிக்கட்டு வலித்தால் இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்து அடிக்கும் பேக்ஹேண்டே தடுமாறும். விளம்பரம் என்ன செய்யும்?