சினிமாவுக்குப் பாடிய வித்வான்கள் இல்லையா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் பாட்டு வகுப்புப் பெற்றோர் குழுக்களில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: "சினிமாப் பாட்டில் சுத்தமான ராகம் கிடையாது. பெரிய கர்நாடக வித்வான்கள் யாரும் சினிமா பக்கமே போனதில்லை. பிள்ளைகளைக் கேட்க விடாதீர்கள்."

இது தவறு.

எம்.எஸ். சுப்புலட்சுமி 1945-இல் வெளிவந்த 'மீரா'வில் நடித்துப் பாடினார். அதற்கு முன் 1940-இல் 'சகுந்தலை'யில் அவருடன் துஷ்யந்தனாக நடித்தவர் கர்நாடக வித்வான் ஜி.என். பாலசுப்பிரமணியம். கர்நாடகக் கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் பல படங்களுக்குப் பாட்டு எழுதினார். 'கொஞ்சும் சலங்கை'யில் (1962) எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போடும் நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலத்துடையது.

சரி, ராகம்? 'கவிக்குயில்' (1977) படத்தில் கர்நாடக வித்வான் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' ரீதிகௌளை. நேராக ஏறாமல், ஸ, க, ரி, க, ம என்று வளைந்து ஏறும் ராகம் அது. மேட்டுப்பாளையம் பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன். பல்லவி தொடங்கியதுமே ராகம் முகம் காட்டிவிடும்.

எல்லா சினிமாப் பாட்டும் ராகத்தில் கட்டுப்பட்டதல்ல, உண்மைதான். அதனால் அது மட்டமாகிவிடாது. அதன் இலக்கணம் வேறு.

படங்களின் டைட்டிலிலேயே இந்தப் பெயர்களைப் பார்க்கலாம். அப்புறம், யூடியூபில் பாட்டைப் போட்டு உங்கள் பாட்டு டீச்சரிடமே ராகம் கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியிருந்தால், அதே குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.