டிக்கியை உங்கள் வாசலில் திறங்கள்

அக்டோபர் பிறந்துவிட்டால் மிச்சிகனில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பதற்றம் தொற்றிக்கொள்ளும். பனி எப்போது வேண்டுமானாலும் வரலாம், வந்தால் ரோட்டில் உப்பைக் கொட்டிவிடுவார்கள். உப்பு பட்ட தகடு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டெட்ராய்ட் நகருக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. மேலே காரைச் செய்துகொண்டு, கீழே அதை அரிக்கிற உப்பையும் வெட்டியெடுக்கிற விசித்திரமான ஊர்! ஆகவே பெட்ரோல் கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் ஊற்றி, பேட்டரியைச் சார்ஜரில் மாட்டி, குளிர்காலம் முழுக்க உறை போட்டு மூடுவதற்கு முன்னால் வண்டியைக் கடைசியாக ஒருமுறை வெளியே எடுக்க ஒரு சாக்கு வேண்டும். அந்தச் சாக்குதான் ஹாலோவீன், அக்டோபர் 31 அன்று பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகும் நாள்.

‘டிரங்க் ஆர் ட்ரீட்’ பார்த்திருப்பீர்கள். சர்ச் அல்லது பள்ளிக்கூடத்தின் பார்க்கிங்கில் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து ஜோடித்து, வேஷம் போட்டு வரும் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார்கள். இதில் பழைய கார்க்காரர்கள் சேர்ந்துவிட்டால் களையே தனி. 1957-ல் வந்த ஷெவர்லே பெல் ஏர் கார் ஒன்றின் ஸ்டீயரிங்கில் எலும்புக்கூடு உட்கார்ந்திருக்கும். பக்கத்திலேயே ஒரு பழைய சவ வண்டி, அதற்கு அலங்காரமே தேவையில்லை. சிலந்தி வலையை எதை வைத்து ஒட்டுவது என்று ஒரு மணி நேரம் விவாதிப்பார்கள், பெயின்ட் போய்விடுமே என்ற கவலை. பிளாஸ்டிக் வாளோடு ஒரு குட்டி கடற்கொள்ளையன் க்ரோம் பம்பரை நோக்கி ஓடிவரும்போது அந்த மனிதர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எனக்கும் பிடிக்கும், வருடா வருடம் போகிறேன். ஆனாலும் சொல்கிறேன், இதை பார்க்கிங் மைதானத்தில் நடத்துவது எனக்கு ஒப்பவில்லை.

மைதானம்தான் பாதுகாப்பு என்பார்கள். எதிலிருந்து? அந்நியர்கள் மிட்டாயில் விஷம் வைப்பார்கள் என்ற பயம் இந்த நாட்டில் பல வருடங்களாக இருக்கிறது. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பல பத்தாண்டுச் செய்திகளைத் தோண்டிப் பார்த்தும், வீடு வீடாக வாங்கிய மிட்டாயில் ஓர் அந்நியர் வைத்த விஷத்தால் குழந்தை இறந்ததாக உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974-ல் டெக்சாஸில் இறந்த சிறுவனுக்கு சயனைடு கலந்த மிட்டாயைக் கொடுத்தது அவனுடைய சொந்த அப்பா. நிஜமான ஆபத்து வேறு. 1975 முதல் 2016 வரையிலான அமெரிக்க விபத்துப் பதிவுகளை ஆராய்ந்த மருத்துவ ஆய்வு ஒன்று, நடந்து போகிறவர்கள் வண்டியில் அடிபட்டு இறக்கும் அபாயம் ஹாலோவீன் மாலையில் 43 சதவீதம் அதிகம் என்கிறது. தெருவில் பயப்பட வேண்டியது மனிதர்களுக்கு அல்ல, வேகமாக வரும் கார்களுக்கு. அந்தக் கார்களுக்குப் பயந்து பிள்ளைகளைக் கார்களிலேயே ஏற்றி, கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போய், காரின் டிக்கியிலிருந்து மிட்டாய் வாங்கித் தருகிறோம். நான் கார் கம்பெனிச் சம்பளத்தில் சாப்பிடுகிறவன்தான், இருந்தாலும் எனக்கே சிரிப்பு வருகிறது.

சரி, மைதானத்தில் அப்படி என்ன குறைகிறது? கதை குறைகிறது. பழைய கார் பக்கத்தில் நின்று பாருங்கள், யாரும் இன்ஜினைப் பற்றி ரொம்ப நேரம் பேசுவதில்லை. எந்தத் தெருவில் இருந்தோம், யார் வீட்டில் முழு சாக்லேட் பார் கொடுப்பார்கள், யார் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே ஒளிந்துகொள்வார்கள் என்றுதான் பேச்சு போகும். அப்புறம் இளவட்டங்கள் கார் ஓட்டிச் சுற்றிய பெரிய சாலையான உட்வர்ட் அவென்யூ வரும். காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடுகிற டெட்ஸ் டிரைவ்-இன் உணவகம் வரை போய்த் திரும்பி, மறுபடியும் போய்த் திரும்பி, ராத்திரி முழுக்க அப்படியே சுற்றிய கதை.

இந்த ஊரில் தெருக்கதைகள் அவ்வளவு இனிப்பாகவே இருக்காது. கறுப்பர்களின் கடைகளும் இசைக்கூடங்களும் நிறைந்திருந்த ஹேஸ்டிங்ஸ் தெருவை இடித்து, அதன்மேல்தான் கிரைஸ்லர் ஃப்ரீவே ஓடுகிறது. 1981-ல் போல்டவுன் என்ற குடியிருப்புப் பகுதியில் 1,300-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின, 4,200 பேர் இடம்பெயர்ந்தார்கள், ஜெனரல் மோட்டார்ஸின் ஆலை வந்தது. போன வருடம் மைதானத்தில் 86 கேடிலாக் எல்டொராடோ ஒன்றின் டிக்கியிலிருந்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் வண்டி எந்த ஆலையில் செய்தது என்று கேட்டேன். “எங்க வீட்டு அடுப்படி இருந்த இடத்துல” என்றார். அந்த மாடல் அந்த ஆலையில் செய்ததுதான். அவருடைய கணவர் ஆசைப்பட்டு வாங்கினாராம். ஆலை வளாகத்துக்குள்ளேயே பெத் ஓலெம் என்ற பழைய யூதக் கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது, வருடத்தில் இரண்டு நாள் மட்டும் திறப்பார்கள் என்றும் அவர்தான் சொன்னார். ஹாலோவீனுக்கு இதைவிட என்ன கதை வேண்டும்? ஆனால் வரிசை பின்னாலிருந்து தள்ளியது, என் மகள் அடுத்த டிக்கிக்குப் போய்விட்டாள், பேச்சு அதோடு அறுந்தது. மைதானத்தின் அமைப்பே அப்படி, நாற்பது டிக்கியையும் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

தெருவைக் கைவிட்டால் என்ன ஆகும் என்று டெட்ராய்ட்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹாலோவீனுக்கு முந்தைய இரவை இங்கே ‘டெவில்ஸ் நைட்’ என்பார்கள். 1984-ல் அந்த நாட்களை ஒட்டி 800-க்கும் மேற்பட்ட இடங்களில் தீ வைத்தார்கள். 1995-ல் மேயர் டென்னிஸ் ஆர்ச்சர் காலத்தில் அது ‘ஏஞ்சல்ஸ் நைட்’ ஆனது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் காரில் சுற்றியும், வாசல் விளக்கை எரியவிட்டு உட்கார்ந்தும் காவல் காத்தார்கள். தீ குறைந்தது. வேறு இடத்துக்குப் போய்க் கொண்டாடியதால் அல்ல, அவரவர் தெருவிலேயே ஆள் இருந்ததால்.

அதனால் பழைய கார் நண்பர்களுக்கு என் கோரிக்கை: வண்டியை மைதானத்துக்கு ஓட்டாதீர்கள். உங்கள் வீட்டு டிரைவ்வேயில், டிக்கி தெருவைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள். நம் ஊர்த் திண்ணை செய்த வேலையை ஒரு 64 இம்பாலாவின் டிக்கி இங்கே செய்யும். தெருவின் இரண்டு முனையிலும் யாராவது ஒரு போக்குவரத்துக் கூம்பை வைத்தால் வேகமும் குறையும். நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது நல்லது. பத்து வருடமாக ஒரே தெருவில் இருந்தும் எதிர்வீட்டுக்காரரின் பெயர் தெரியாதவர்கள் நமக்குள் நிறையப் பேர், அவருடைய கராஜில் என்ன தூங்குகிறது என்று தெரிந்தாலே பேச்சு தொடங்கிவிடும்.

பழைய கார்களுக்குத் தரும் வரலாற்று நம்பர் பிளேட் இருந்தால் பெரும்பாலும் கண்காட்சி, ஊர்வலம், கிளப் நிகழ்ச்சி மாதிரியானவற்றுக்குத்தானே எடுக்க முடியும் என்று ஒருவர் கேட்டார். சொந்த டிரைவ்வேயில் சும்மா நிற்கிற வண்டியை யார் கேட்கப்போகிறார்கள்? இன்னொருவருக்கு மழைக் கவலை, நியாயம்தான். மழை வந்தால் வண்டியை உள்ளே ஏற்றிவிட்டு கராஜ் கதவை மட்டும் மேலே தூக்கி வையுங்கள், ஹீட்டர் இருந்தால் அதையும் போடுங்கள், பிள்ளைகள் உள்ளேயே வந்து வாங்கிக்கொள்வார்கள்.