டீ வாங்கிக் கொடுத்த அப்ரண்டிஸ் எழுதுகிறேன்

ஒரு அப்ரண்டிஸ் (வேலையிடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்) பையனின் பதிவுக்குக் கீழே வந்து, மூன்று நாளாக எல்லார் டைம்லைனிலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கமெண்டைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதினால் கோபமாக வரும், கோபமாக வந்தால் 'பொண்ணு எமோஷனல் ஆகுது' என்பார்கள். ஆனால் நேற்று ராத்திரி அந்தப் பையன் தன் பதிவையே நீக்கிவிட்டான். அதற்குப் பிறகு சும்மா இருக்க மனசு வரவில்லை.

அப்படி என்ன எழுதிவிட்டான்? அவன் பயிற்சியில் இருந்த தண்ணீர்த் திட்டத்தின் சோதனை ஓட்டத்தில் தண்ணீர் வந்த அன்று ஒரு போட்டோ போட்டு, 'இந்தத் தண்ணியில என்னோட ஒரு வருஷமும் இருக்கு' என்று ஒரு வரி. அதற்கு ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், 'டீ வாங்கிக் கொடுத்த அப்ரண்டிஸெல்லாம் திட்டத்தை முடிச்சேன்னு போஸ்ட் போடுற காலம்' என்கிறார். முடித்தேன் என்று அவன் எங்கே சொன்னான்? கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. சிரித்தவர்களில் நாலைந்து பேர் என் நட்புப் பட்டியலிலும் இருக்கிறீர்கள். வணக்கம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வேலை வாங்கும்போது எங்களை ஆள் கணக்கில் சேர்க்கிறீர்கள். பெயர் சொல்லும்போது மட்டும் 'பயிற்சிக்கு வந்த பிள்ளைங்க' ஆக்கிவிடுகிறீர்கள். ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள்.

டீ வாங்கினேனா? வாங்கினேன். ஜெராக்ஸ் எடுத்தேன், தபால் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒரு அதிகாரியின் மகனுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட் வரைந்துகூடக் கொடுத்திருக்கிறேன். (நல்ல மார்க் வாங்கினானாம்.) அதில் எனக்கு வெட்கமில்லை. பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலையில் அப்ரண்டிஸை ஈடுபடுத்தினால் அபராதம் என்று அப்ரண்டிஸ் சட்டத்தின் 30ஆவது பிரிவில் இருக்கிறது. வெட்கப்பட வேண்டியவர் டீ வாங்கினவரா, வாங்கச் சொன்னவரா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2022இல் சிவில் இன்ஜினியரிங் முடித்த கையோடு ஒரு குடிநீர்த் திட்ட அலுவலகத்தில் கிராஜுவேட் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். மாதம் 9,000 ரூபாய். அதில் பாதி மத்திய அரசின் பங்கு. முதல் தவணை கைக்கு வந்தது நான்காவது மாதம். முதல் வாரம் நாற்காலி கிடையாது, யாராவது லீவு போட்டால் அவர் சீட். இரண்டாவது மாதத்தில் பில் எல்லாம் எக்ஸெலில் ஏற்றுவது என் பொறுப்பு. மார்ச் மாதம் ராத்திரி எட்டரை வரை உட்கார்ந்திருக்கிறேன். அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸுக்கு ஓவர்டைம் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது, 15ஆவது பிரிவு. அதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்?

ஒரு நாள் கதையை மட்டும் சொல்கிறேன். இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை.

பைப்லைன் போகும் வழியில் லெவல் (தரையின் ஏற்ற இறக்க அளவு) எடுத்துக்கொண்டிருந்தோம். ஆட்டோ லெவல் என்ற தொலைநோக்கிக் கருவியில் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) சார் கண்ணை வைத்திருப்பார், அவர் பார்த்துப் படிக்கும் நீள அளவுகோலான ஸ்டாஃபைப் பிடிப்பது நான். தூரத்தில் வெயிலில் நிற்பது, கையசைத்தால் அடுத்த இடம். சைட்டில் பாத்ரூம் கிடையாது, அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். குடிநீர்த் திட்டம், கவனிக்கவும். சாயந்திரம் அலுவலகத்துக்கு வந்து அளவுகளைக் குறித்த ஃபீல்டு புக்கைச் சுத்தப் பிரதி எடுத்து, கூட்டிக் கழித்து, புறப்பட்ட பெஞ்ச் மார்க்குக்கே (உயரம் தெரிந்த புள்ளி) திரும்பி வந்த கணக்கைப் பார்த்தால் சரியாக ஒரு மீட்டர் இடிக்கிறது. மில்லிமீட்டரில் இடித்தால் பரவாயில்லை, அதைப் பகிர்ந்து போடலாம். முழுசாக ஒரு மீட்டர் என்றால் யாரோ எங்கோ படித்ததில் தப்பு.

பக்கம் பக்கமாகத் திருப்பினேன். கருவியை இடம் மாற்றும்போது ஸ்டாஃப் நின்ற ஒரு திருப்புப் புள்ளியில் 1.985 என்று இருந்தது. அந்த இடம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. மேலே மின்கம்பி தாழ்வாகப் போனதால் ஸ்டாஃபை இழுத்து நீட்டாமல் அடித்துண்டை மட்டும் வைத்துப் பிடித்திருந்தேன். அதில் இரண்டு மீட்டர் அளவு விழ வழியே இல்லை. 0.985ஆகத்தான் இருக்கும் என்று ஏ.இ. சாரிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசாமல் பார்த்தார். மறுநாள் போய்த் திரும்ப எடுத்தோம். 0.985.

பம்ப் இல்லாமல் சரிவிலேயே தண்ணீர் ஓட வேண்டிய குழாய் அது. ஒரு மீட்டர் தப்போடு டிசைன் போயிருந்தால் என்ன ஆகும் என்று இன்ஜினியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ரிவ்யூவில் 'செக் பண்ணும்போது கண்டுபிடிச்சோம்' என்று சொல்லப்பட்டது. அந்த 'சோம்' யார் யார் என்று யாரும் கேட்கவில்லை. அளவெடுத்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கட்டங்களிலும் கையெழுத்து இருக்கிறது. என் பெயர் எதிலும் இல்லை, இருக்கவும் முடியாது, நான் அப்ரண்டிஸ்.

இப்போது கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு.

'சட்டப்படி நீங்க தொழிலாளியே இல்லையே.' தெரியும் சார். 1961ஆம் வருடச் சட்டம், 18ஆவது பிரிவு: பயிற்சியாளர்தான், தொழிலாளர் கிடையாது. 22ஆவது பிரிவையும் படித்தேன்: பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது பற்றி அந்தந்த நிறுவனமே கொள்கை வகுத்துக்கொள்ளலாம். நான் வேலை கேட்டேனா? அந்தப் பையன் கேட்டானா? மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் நேரடியாக வருபவரைவிடப் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் ஒரு போக்குவரத்துக் கழக வழக்கில் சொல்லியிருக்கிறது. அதைக்கூட நான் இங்கே இழுக்கவில்லை. சரி, இழுத்துவிட்டேன்.

'சும்மா கத்துக்கொடுத்தாங்கல்ல, நன்றி வேணாமா?' இதுதான் எனக்கு எரிச்சல். நன்றி இருக்கிறது. லெவல் பார்க்க, எஸ்டிமேட் போட, ஒரு ஃபைல் எப்படி நகர்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று கண்டுபிடிக்க எல்லாம் அங்கேதான் கற்றேன். கல்லூரியில் நாலு வருடத்தில் அது கிடைக்கவில்லை. ஆனால் நன்றி ஒரு வழிப் பாதையா? காலிப் பணியிடத்துக்கு ஆள் போடாமல் மூன்று அப்ரண்டிஸை வைத்து வருடத்தை ஓட்டிவிட்டு, கிளம்பும்போது 'உங்களுக்கு நல்ல எக்ஸ்போஷர்' என்றால், அந்த வருடம் யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தது, யார் யாருக்கு உதவினது?

'பிரைவேட்ல இதைவிட மோசம்.' இருக்கட்டுமே.

'சில அப்ரண்டிஸ் கையெழுத்துப் போட்டுட்டுக் காணாம போயிடுறாங்க.' உண்மை. எங்கள் பேட்சிலேயே ஒருவன் பாதி நாள் வரமாட்டான். அவன் சான்றிதழும் என் சான்றிதழும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

அந்தச் சான்றிதழோடு பிறகு ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனேன். 'இது எக்ஸ்பீரியன்ஸ் இல்லையேம்மா, ட்ரெயினிங்தானே' என்று தாளை மேஜையில் என் பக்கமாகத் தள்ளினார்கள். அரசு அலுவலகத்தில் நான் தொழிலாளி இல்லை, கம்பெனிக்கு அனுபவசாலி இல்லை, எங்கள் அப்பாவுக்கு மட்டும் 'என் பொண்ணு கவர்மெண்ட் ப்ராஜெக்ட்ல இருந்தவ'. அவர் அப்படிச் சொல்லும்போது ஒரு தடவைகூட நான் திருத்தியதில்லை. அந்தப் பையன் வீட்டிலும் அந்தப் போஸ்டை யாருக்காவது காட்டியிருப்பார்கள். கமெண்டையும் படித்திருப்பார்கள்.

தம்பி, உன் பதிவின் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் கேள், அனுப்புகிறேன். அதே போட்டோவோடு திரும்பப் போடு.

கடைசியாக ஒன்று. எழுதலாமா வேண்டாமா என்று சாயந்திரம் முழுக்க யோசித்தேன். சிரிப்பு எமோஜி போட்டவர்கள் பட்டியலை நேற்று முழுசாகத் திறந்து பார்த்தபோது எங்கள் ஏ.இ. சார் பெயரும் இருந்தது. எனக்கு லெவல் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். வெயில் ஏறினால் 'நீ போய் நிழல்ல நில்லும்மா' என்று ஸ்டாஃபைத் தானே வாங்கிக்கொள்வார். கை தவறிப் பட்டிருக்கும் என்று கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தேன்.

அந்த ஃபீல்டு புக் இன்னும் இரண்டாவது பீரோவில், கீழ்த்தட்டில்தான் இருக்கும் சார். 1.985ஐ அடித்துவிட்டு 0.985 என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், அது யார் கையெழுத்து என்று.