நடுவர் எப்போது வாய் திறக்கலாம்?

“முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்” என்று நடுவரிடம் முறையிடாத பயிற்சியாளரை நான் இதுவரை பார்த்ததில்லை. பள்ளி அளவிலான குறுவட்டப் போட்டியிலிருந்து உலகக் கோப்பை வரை, தண்டனை விழுந்த அடுத்த நொடியே இந்த வாசகம் ஏதோ ஒரு மொழியில் ஒலிக்கிறது. கேட்பவர்களுக்கும் அது நியாயமாகவே படுகிறது. தவறு நடக்கப்போகிறது என்று தெரிந்தும் காத்திருந்து விசில் ஊதுகிறவர் நடுவரா, பொறி வைத்துப் பிடிக்கிறவரா என்ற கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. உடற்கல்வி ஆசிரியராகவும் வாலிபால் நடுவராகவும் இருப்பதால் இந்தக் கேள்வியின் இரண்டு பக்கங்களிலும் நான் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எனக்கென்று ஒரு கருத்து உருவாகியிருக்கிறது. சொல்வதால் எதிரணிக்கு எந்த இழப்பும் இல்லையென்றால் நடுவர் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். எதிரணிக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய ஒன்று அதனால் கைநழுவிப் போகுமென்றால், எவ்வளவு நல்லெண்ணம் இருந்தாலும் அவர் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இது நானாகக் கண்டுபிடித்த தத்துவம் அன்று; வாலிபால் விதிப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு செட்டில் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு டைம் அவுட் (சிறு இடைவேளை), ஆறு சப்ஸ்டிடியூஷன் (ஆட்டக்காரர் மாற்றம்) என்பது அளவு. ஓர் அணி தன்னுடைய இரண்டாவது டைம் அவுட்டை எடுத்ததும், ஐந்தாவது, ஆறாவது சப்ஸ்டிடியூஷன்களைச் செய்ததும், ஸ்கோரர் அதை நடுவர்களுக்குச் சொல்ல வேண்டும்; இரண்டாம் நடுவர் அதை முதல் நடுவருக்கும் அந்த அணியின் பயிற்சியாளருக்கும் தெரிவிக்க வேண்டும். இது நடுவர் காட்டும் சலுகையன்று, விதி அவர் மேல் சுமத்தியிருக்கும் கடமை. இதையும் மீறிப் பயிற்சியாளர் அளவுக்கு மேல் கேட்டுவிட்டால்கூட, ஆட்டத்தைப் பாதிக்காத முதல் தவறான கோரிக்கையை மறுத்து, ஸ்கோர் ஷீட்டில் குறித்துக்கொண்டு, வேறு தண்டனையின்றி விட்டுவிடுகிறார்கள். அதே ஆட்டத்தில் அடுத்த முறை அப்படிக் கேட்டால்தான் அது தாமதக் குற்றமாகிறது.

ஆனால் அதே மேசையில் அமர்ந்திருக்கும் அதே ஸ்கோரருக்கு, சர்வீஸ் வரிசை விஷயத்தில் விதி நேர்மாறான கட்டளையை இடுகிறது. நான்காம் எண் ஆட்டக்காரர் சர்வீஸ் போட வேண்டிய இடத்தில் ஒன்பதாம் எண் ஆட்டக்காரர் பந்தை வாங்கிக்கொண்டு கோட்டுக்குப் பின்னால் போய் நிற்பதை அவர் தன் கண்ணால் பார்க்கிறார். முன்னால் விரித்து வைத்திருக்கும் தாளில் வரிசை பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் அந்தப் பையன் பந்தை அடிக்கும் வரை அவர் எதையும் காட்டிக்கொள்ளக் கூடாது. கை பந்தில் பட்ட மறுகணமே மணியை அடிக்க வேண்டும். புள்ளியும் அடுத்த சர்வீஸும் எதிரணிக்குப் போகும். தவறு தாமதமாகத் தெரியவந்து, அது எந்தக் கட்டத்தில் தொடங்கியது என்பதையும் ஸ்கோரரால் உறுதி செய்ய முடிந்தால், அதற்குப் பிறகு அந்த அணி எடுத்த புள்ளிகள் அத்தனையும் அடிபட்டுப்போகும்.

முதன்முதலாக இந்த விதியைப் படிக்கிறவர்களுக்கு இது கொடுமையாகத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த வரிசையை எழுதிக் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். ஒவ்வொரு செட்டுக்கும் முன்பாக லைன்-அப் ஷீட்டை, அதாவது ஆட்டக்காரர்களின் வரிசையைக் காட்டும் தாளை, நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுப்பவர் அந்தப் பயிற்சியாளரேதான். யார் முன்வரிசையில் நின்று பிளாக் செய்வது, யார் பின்னால் நின்று பந்தை எடுப்பது என்பதெல்லாம் அந்த வரிசையில் அடங்கியிருக்கிறது; வரிசையை நினைவில் வைத்துக்கொண்டு சுழல்வது ஆட்டத் திறமையின் ஒரு பகுதி. எதிரணி அந்தத் திறமையைச் சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போது, இந்தப் பக்கம் தடுமாறியதை மேசையிலிருந்து ஒருவர் திருத்திவிட்டால் எதிரணிக்கு வர வேண்டிய ஒரு புள்ளியை அவர் எடுத்துவிடுகிறார். ஆறாவது சப்ஸ்டிடியூஷன் முடிந்துவிட்டது என்று சொல்வதால் அப்படி எந்தப் புள்ளியும் யாரிடமிருந்தும் போவதில்லை. ஆட்டம் வீணாக நிற்காமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதை மீறினால் என்ன நடக்கும் என்பதை ஒரு மாவட்ட அளவிலான பள்ளிப் போட்டியில் பார்த்தேன். கடைசி செட், ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தவறான பையன் பந்தோடு போய் நின்றான். ஸ்கோரராக இருந்த ஆசிரியை விதிப்படி தாளில் ஒரு விரலும் மணியில் ஒரு விரலுமாகக் காத்திருந்தார். இரண்டாம் நடுவர் மேசைப் பக்கம் திரும்பித் தாளை ஒருமுறை பார்த்தார். பிறகு பயிற்சியாளரை நேராகப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். அது போதுமானதாக இருந்தது. “டேய், நாலு! நீ போடுடா” என்று பயிற்சியாளர் கத்த, பந்து கைமாறியது, எட்டு விநாடிக்குள் சரியான பையனே சர்வீஸ் போட்டுவிட்டான். எதிரணிப் பயிற்சியாளர் எழுந்து வந்து முறையிட்டபோது அவரிடம் காட்டுவதற்கு எதுவுமே இல்லை. விதி மீறப்படவில்லை, ஸ்கோர் ஷீட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை, செருமலைப் பதிவு செய்வதற்குக் கட்டமும் இல்லை. ஆட்டம் முடிந்த பிறகு கேட்டபோது, “பசங்க விளையாட்டுதானே சார்” என்றார் இரண்டாம் நடுவர். வலைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களும் பசங்கள்தான்.

சர்வதேச அளவில் இந்தச் சிக்கல் மிகப் பெரிதாக வெடித்தது 2018 செப்டம்பர் 8ஆம் நாள் அமெரிக்க ஓப்பன் மகளிர் இறுதிப் போட்டியில். பார்வையாளர் பகுதியில் அமர்ந்திருந்த பயிற்சியாளர் பேட்ரிக் முராடோக்லூ கையால் சைகை காட்டி, அப்போது தடை செய்யப்பட்டிருந்த முறையில் ஆட்டத்தின் நடுவே பயிற்சியளித்தார் என்று நாற்காலி நடுவர் கார்லோஸ் ராமோஸ் செரீனா வில்லியம்ஸ் மீது முதல் விதிமீறலைப் பதிவு செய்தார். மட்டையை உடைத்ததற்கு இரண்டாவது, அதற்கு ஒரு புள்ளி போனது. நடுவரைத் திருடர் என்று சொன்னதற்கு மூன்றாவது, அதற்கு ஒரு முழு கேமே போனது. 4-3 என்றிருந்த இரண்டாவது செட் 5-3 ஆனது. ஆட்டத்தை 6-2, 6-4 என்ற கணக்கில் நவோமி ஒசாகா வென்றார். செரீனாவுக்கு மொத்தம் 17,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நடுவர் முதலிலேயே தணிந்த குரலில் “உங்கள் பயிற்சியாளரை அடக்கி வையுங்கள்” என்று சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காதே என்று அப்போது உலகமே பேசியது. பல நடுவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்ற வாதமும் எழுந்தது.

அந்த வாதத்தில் பலரும் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. டென்னிஸில் முதல் விதிமீறலுக்கு ஆட்டத்துக்குள் தண்டனையே கிடையாது. அதற்குப் பெயரே எச்சரிக்கைதான். அதற்குப் பிறகுதான் புள்ளி, அதற்கும் பிறகுதான் கேம். ஆக, அன்று கோரப்பட்டது விதியில் ஏற்கெனவே இருந்த எச்சரிக்கைக்கும் முன்னால், விதியில் இல்லாத இன்னோர் எச்சரிக்கை. சைகை காட்டியதை முராடோக்லூவே ஆட்டம் முடிந்ததும் ஒப்புக்கொண்டார். எல்லாரும் செய்வதுதான் என்றும் சேர்த்துச் சொன்னார். செரீனா தான் பயிற்சி எதுவும் பெறவில்லை என்று மறுத்தார். சைகையை அவர் பார்க்காமலும் இருந்திருக்கலாம்; பயிற்சியாளரின் செயலுக்கு ஆட்டக்காரரைத் தண்டிக்கும் விதி சரியா என்று தாராளமாக விவாதிக்கலாம். ஆனால், நடுவர்கள் வழக்கமாகக் காட்டிவந்த தயவு ஆட்டக்காரரின் மனத்தில் உரிமையாக மாறிவிட்டிருந்தது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஒரு நடுவர் தயவு காட்டி இன்னொருவர் காட்டாமல் போனால், காட்டாதவரே குற்றவாளியாகிறார். இருபது வயதில் தன் முதல் கிராண்ட் ஸ்லாம் இறுதிப் போட்டியை ஆடிய ஒசாகா, ரசிகர்களின் கூச்சலுக்கு நடுவே கண்ணீரோடு கோப்பை வாங்க வேண்டியிருந்ததுதான் இதில் எல்லாவற்றையும் விட அநியாயம். பிற்பாடு டென்னிஸ் உலகம் இந்தப் பிரச்சினைக்குக் கண்ட தீர்வு நடுவர்களைக் கனிவானவர்களாக ஆக்குவதாக இருக்கவில்லை, விதியையே மாற்றினார்கள். 2022இல் ஆண்களுக்கான ஏடிபி சுற்றில் பார்வையாளர் பகுதியிலிருந்து பயிற்சியளிப்பது சோதனை முறையில் அனுமதிக்கப்பட்டது. 2025 தொடக்கத்திலிருந்து அது பொது விதியிலேயே இடம்பெற்றுவிட்டது.

முன்னெச்சரிக்கையே கூடாது என்று நான் வாதிடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை விதியிலேயே எழுதி, இரண்டு அணிகளும் பார்க்கும்படி வைத்துவிட்டால் அதைப் போன்ற நல்ல ஏற்பாடு வேறில்லை. கிரிக்கெட்டின் ஸ்டாப் கிளாக் அப்படிப்பட்டது. ஓர் ஓவர் முடிந்த 60 விநாடிக்குள் அடுத்த ஓவரைத் தொடங்க வேண்டும்; மைதானத்திலேயே கடிகாரம் ஓடுகிறது; இரண்டு முறை எச்சரிக்கை, மூன்றாவது முறை ஐந்து ரன். 2024 டி20 உலகக் கோப்பையில் நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில் அமெரிக்க அணி இப்படித்தான் இந்தியாவுக்கு ஐந்து ரன்களைக் கொடுத்தது. 30 பந்தில் 35 ரன் தேவை என்றிருந்த நிலை 30 பந்தில் 30 என்று மாறியது. வருத்தப்பட்டவர்கள் உண்டு, ஆனால் யாரும் சொல்லவில்லையே என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. கால்பந்திலும் 2025இல் கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்கும் நேரம் எட்டு விநாடி என்று மாற்றப்பட்டு, கடைசி ஐந்து விநாடிகளை நடுவர் கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக் காட்ட வேண்டும் என்று எழுதப்பட்டது. முன்பிருந்த ஆறு விநாடி விதியை நடுவர்கள் ஏறக்குறைய மறந்தே போயிருந்தார்கள்.

என் அளவுகோல் கொஞ்சம் ஆட்டம் காணும் இடமும் ஒன்று உண்டு. 2023 நவம்பர் 6ஆம் நாள் டெல்லியில் இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் ஒரு பந்தைக்கூட எதிர்கொள்ளாமல் டைம்டு அவுட் ஆனார்; அதாவது, முந்தைய விக்கெட் விழுந்த இரண்டு நிமிடத்துக்குள் பந்தை எதிர்கொள்ளத் தயாராகவில்லை என்று ஆட்டமிழந்தார். ஹெல்மெட்டின் வார் அறுந்து, அவர் வேறொன்றைக் கேட்டு நின்றபோது வங்கதேசக் கேப்டன் ஷகிப் அல் ஹசன் முறையிட்டார். இரண்டு நிமிடம் அதற்கு முன்பே கடந்துவிட்டது என்று நான்காம் நடுவர் ஏட்ரியன் ஹோல்ட்ஸ்டாக் விளக்கினார். மேத்யூஸ் காணொளி ஆதாரம் காட்டி அதை மறுத்தார். “நேரம் ஆகிறது” என்று நடுவர் முன்பே எச்சரித்திருந்தால் வங்கதேசத்துக்கு ஒரு விக்கெட் கிடைக்காமல் போயிருக்கும் என்பது உண்மைதான்; ஆனால் அது பந்து வீசி எடுத்த விக்கெட் அன்று. நடுவர்களிடம் மட்டுமே இருக்கும் கடிகாரத்தை வைத்து ஆட்டக்காரரைத் தண்டிப்பது எனக்கு உறுத்துகிறது. நடுவர் காதோடு காதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஓவர்களுக்கு இடையே ஓடும் அதே கடிகாரத்தை விக்கெட் விழுந்தவுடனும் ஓடவிட்டால் போதும்.

பள்ளிக் குழந்தைகளுக்கு வேறு சட்டம் வேண்டாமா என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். வேண்டும், ஆனால் அதற்கான இடம் ஆட்டத்தின் நடுப்பகுதி அன்று. போட்டி தொடங்குமுன் அணி மேலாளர்களைக் கூட்டிப் பேசும்போது, அந்த ஆண்டின் விதி மாற்றங்களையும், வழக்கமாக எந்தெந்த இடங்களில் பிள்ளைகள் தவறுகிறார்கள் என்பதையும் எவ்வளவு வேண்டுமானாலும் விளக்கலாம்; அங்கே எல்லா அணிகளும் இருக்கின்றன. கயிறு, மோதிரம், நீண்ட நகம் போன்ற காயம் உண்டாக்கக்கூடிய விஷயங்களில் எந்த நேரத்திலும் சொல்லலாம், காத்திருப்பதுதான் தவறு. ஆனால் நடைமுறையில் அந்தக் கூட்டம் பல இடங்களில் யார் யாரோடு மோதுவது என்று ஃபிக்சர் போடுவதோடும் தேநீரோடும் முடிந்துவிடுகிறது.

இந்த ஆண்டுப் போட்டிகளை நடத்தும் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஸ்கோர் போர்டு என்று நாம் வைக்கும் கரும்பலகையில் புள்ளிகளுக்குக் கீழே இன்னும் இரண்டு கட்டங்கள் போட்டு, ஒவ்வோர் அணியும் எடுத்த டைம் அவுட்டையும் சப்ஸ்டிடியூஷனையும் சாக்பீஸால் எழுதச் சொல்லுங்கள். பெஞ்சில் அமர்ந்திருக்கும் மாணவன் ஒருவனே அந்த வேலையைச் செய்துவிடுவான்.